சதவீதம் சரி, எத்தனை வருடம் தாங்கும்?

ஆசிரியருக்கு,

பெரோவ்ஸ்கைட் (ஒரு வகைப் படிக அமைப்புள்ள பொருள்) கொண்டு செய்யும் சோலார் செல் பற்றிய செய்தி என்றாலே தலைப்பில் செயல்திறன் சதவீதம்தான், அதாவது விழும் வெயிலில் எவ்வளவு மின்சாரமாகிறது என்பது. 2009-இல் ஜப்பானில் மியாசாகா குழு செய்த செல் 3.8 சதவீதம், இன்று சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட் அடுக்கு வைத்து சீனாவின் லாங்கி நிறுவனம் 34 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சாதனைகள் பெரும்பாலும் விரல் நகம் அளவு செல்லில், ஆய்வகத்தில் வந்தவை (இதைக் கடைசி வரியில் போட்டாலே அதிசயம்).

சிலிக்கான் பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் தருகிறார்கள். பெரோவ்ஸ்கைட்டுக்கோ ஈரம் ஆகாது, சூடு ஆகாது, வெயிலிலேயே கிடக்க வேண்டிய பொருளுக்குப் புற ஊதாக் கதிரும் ஆகாது; உள்ளே அயனிகள் வேறு இடம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அதிலுள்ள, எளிதில் சிதையும் மெத்தில் அமோனியம் என்ற பகுதிப்பொருளைக் குறைத்து சீசியம், பார்மமிடினியம் சேர்ப்பது, மேற்பரப்புக் குறைகளைப் பூச்சால் அடைப்பது, காற்றுப் புகாமல் மூடுவது என்று ஆராய்ச்சி போகிறது. உண்மையான செய்தி அங்கேதான் இருக்கிறது.

85 டிகிரி சூடு, 85 சதவீத ஈரப்பதத்தில் 1000 மணி நேரம் வைத்த சோதனையில் என்ன ஆனது, செல் எத்தனை சதுர சென்டிமீட்டர் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அப்புறம், இதில் ஈயம் இருக்கிறது. பேனல் உடைந்தால் என்ன ஏற்பாடு என்றும் கேட்டு எழுதுங்கள்.

- ஒரு வாசகர்