இசை மாறினால் துரோகமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

லிங்கின் பார்க் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு பற்றி எங்கள் வீட்டில் நடக்கும் சண்டை இன்னும் ஓயவில்லை. 2000-இல் வந்த முதல் ஆல்பத்தின் கனத்த கிடாரையும் அலறலையும் கேட்டு வளர்ந்தவர் என் அண்ணன். 2010-இல் அவர்கள் கிடாரைப் பின்னுக்குத் தள்ளி எலக்ட்ரானிக் ஒலிக்குப் போனதுமே முகம் சுளித்தார், 2017-இல் மெல்லிய பாப் ஆல்பம் வந்தபோது காசுக்கு விலை போய்விட்டார்கள் என்று கத்தினார், அதே ஆண்டு ஜூலையில் பாடகர் செஸ்டர் பென்னிங்டன் இறந்தபோது அந்தச் சொல்லை நினைத்து அவர் அழுததையும் நான் பார்த்தேன்.

2024-இல் எமிலி ஆம்ஸ்ட்ராங் பாட வந்ததும் மறுபடி அதே கதை. என் மகளுக்கு அந்தக் குரல் உயிர். அண்ணனோ கேட்கவே மாட்டேன் என்கிறார்.

ஏமாற்றம் எனக்கும் புரிகிறது. பதினேழு வயதில் நம்மைத் தாங்கிப் பிடித்த பாட்டு அது, சும்மா விட்டுவிட முடியாது. சரி, அதற்காகத் துரோகி என்று திட்டலாமா? நாம் மொரீஷியஸ்காரர்கள். நம் பாடகர் காயா, நம் தீவின் சேகா இசையையும் ஜமைக்காவின் ரெகே இசையையும் கலந்து சேகே என்று தந்ததை இன்று நம்முடையது என்று பெருமையோடு சொல்கிறோம். ரவான் மேளத்தின் ஒலி மட்டும்தான் சேகா என்று அன்று எல்லாரும் காதைப் பொத்தியிருந்தால் அது நமக்குக் கிடைத்திருக்குமா?

புதியது பிடிக்காதவர்கள் பழைய ஆல்பத்தையே போட்டுக் கேளுங்கள், அதை யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. மேடையில் புதிதாக வந்து நிற்பவரை மட்டும் திட்டாதீர்கள்.

ஒரு வாசகி,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்