புதுச் சப்பாத்து என்று வந்த 2017ஆம் ஆண்டுச் சரக்கு

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மா,

6 சோடி மலையேற்றச் சப்பாத்து, 6 மழை அங்கி, 6 சோடி லீச் சொக்ஸ் (அட்டை கடிக்காமல் போடும் நீள உறை) தொடர்பாக

பற்றுச்சீட்டின் பிரதியும் படங்களும் இத்துடன் உள்ளன.

ஆறு சோடி சப்பாத்துகளில் நான்கின் அடி, நக்கிள்ஸ் மலையில் முதல் நாளே கழன்றது. தண்ணீரில் நனைத்ததால் பசை விட்டுவிட்டது, உத்தரவாதம் செல்லாது, சப்பாத்து தைப்பவரிடம் கொடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். பசை விடவில்லை. அது இன்னமும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. போனது அதற்கு மேலே, ரப்பர் அடிக்கும் சப்பாத்தின் மேற்பகுதிக்கும் இடையில் மெத்தைபோல இருக்கும் நடு அடி.

பசை விட்டால் ரப்பர் அடி முழுசாகக் கழன்று வரும். மினுங்கும் பசைப் படலம் தெரியும். இங்கே ரப்பரிலும் மேற்பகுதியிலும் ஒரே மஞ்சள் தூள் ஒட்டியிருக்கிறது, நடு அடி நனைந்த ரஸ்க் போல இடையில் பிளந்திருக்கிறது. கழராத இரண்டு சோடியிலும் குதிக்கால் பக்கம் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தோம். குழி விழுந்து அப்படியே நிற்கிறது. இதை எந்தப் பசை கொண்டு எதில் ஒட்டுவது?

அந்த நடு அடி பொலியூரித்தேன் நுரை. காற்றிலுள்ள ஈரம் அதன் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும். வெக்கை கூடினால் வேகமும் கூடும். நடக்கும்போது நுரை அமுங்கி விரிந்து ஈரத்தை வெளியே தள்ளுவதால், அடிக்கடி போடுகிற சப்பாத்தைவிடப் பெட்டிக்குள் கிடக்கிற சப்பாத்துத்தான் முந்திக் கெடும். ஆகவே “ஒருநாளும் பாவிக்காதது” என்று நீங்கள் சொல்வது உங்களுக்கே எதிரான சாட்சி. சப்பாத்து நாக்கின் உட்புறச் சீட்டில் உற்பத்தி மாதம் 03/2017 என்று அச்சிட்டிருக்கிறது. குளிர் நாட்டிலேயே இந்த நுரைக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுதான் கணக்கு. இலங்கைப் புழுக்கத்தில் அதையும் எதிர்பார்க்க முடியாது.

உங்கள் அளவு அட்டவணையில் மட்டும் குறை சொல்ல மாட்டோம். இறக்கத்தில் விரல் முட்டாமலிருக்க முன்னால் ஒரு சென்ரிமீற்றர் விடச் சொன்னது நல்ல ஆலோசனை. அடியில்லாத சப்பாத்தில் அது உதவவில்லை.

மழை அங்கியின் துணி 10,000 மில்லிமீற்றர் நீரழுத்தம், அதாவது அவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தம், தாங்கும் என்கிறீர்கள். துணியில் பிழை காணவில்லை. ஆனால் “தையல் எல்லாம் நாடா ஒட்டியது” என்பது பொய். தையல் துளைகளை மூடும் அந்த நாடா தலைமூடியில் மட்டும். முதுகுப்பையின் பட்டி அழுத்துகிற தோள் தையலில் ஊசித்துளைகள் அப்படியே கிடக்கின்றன. அங்கியை உட்புறம் திருப்பி, தோளைக் குழியாகப் பிடித்து ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றுங்கள். கீழே ஒரு தாளை விரித்துவையுங்கள். ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றர் உயரம், தை மாத இரவில் வெப்பநிலை 5 பாகைக்கும் கீழே போவதுண்டு. திருகோணமலை வெக்கையில் இருந்து அங்கே ஏறுகிறவருக்குத் தோள் நனைவது சின்ன விடயமல்ல.

லீச் சொக்ஸ் பின்னல் துணியில் தைத்தது. பின்னலின் கண்ணுக்குள்ளால் அட்டை நுழையும். நெருக்கமாக நெய்த துணியில், முழங்காலில் கயிறு இறுக்கும்படி இருந்தால்தான் அது லீச் சொக்ஸ்.

ஆறு சோடி சப்பாத்துக்கும் லீச் சொக்ஸுக்கும் முழுப் பணம் திரும்ப வேண்டும். அங்கிகளுக்குப் பணம், அல்லது தோளிலும் நாடா ஒட்டியவை. விற்கும் ஒவ்வொரு சப்பாத்துக்கும் உற்பத்தி மாதத்தை விலைக்குப் பக்கத்தில் போடுங்கள். 14 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவோம்.

சப்பாத்துகளைத் திருப்பி அனுப்பத் தயார், கூரியர் செலவு உங்களுடையது. தூள் கொட்டுவதால் பொலித்தீன் பையில் கட்டி அனுப்புவோம். பெட்டியைக் கவனமாகத் திறக்கவும்.

இப்படிக்கு,
மலையேற்றக் குழுவினர்,
உப்புவெளி, திருகோணமலை.