கதிருக்கு, சனிக்கிழமை சாப்பாட்டைப் பற்றி

அன்புள்ள கதிர்,

போனில் சொல்ல வேண்டியதைத்தான் எழுதுகிறேன். போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டால் வைக்கப் போகிறாய் என்று எனக்குத் தெரிந்துவிடும், அதோடு நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். எழுத்து என்றால் நீ உனக்கு நேரம் இருக்கும்போது படிக்கலாம். இரண்டு நாளில் படித்தாலும் பரவாயில்லை, முழுசாகப் படி.

அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. பின்பக்க வேலியை மாற்றியாயிற்று. அக்கா வாரா வாரம் பேசிவிடுகிறாள். அம்மா பிறந்தநாளுக்கு நீ மெசேஜ் அனுப்பியதோடு சரி, அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு ராத்திரி வரைக்கும் போனைக் கையிலேயே வைத்திருந்தாள்.

சனிக்கிழமை, காரிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிற நம் மக்-அன்-பன் கடைக்குப் போயிருந்தோம். மே மாதம் பிறந்துவிட்டால் இண்டி 500 கார் ரேஸ் கூட்டத்தில் ஸ்பீட்வே பக்கம் வண்டியைக் கொண்டுபோக முடியாது, அதனால் முன்னாடியே போய்விடலாம் என்று கிளம்பினோம். எதுவும் மாறவில்லை. கூரைக்குக் கீழே வண்டியை நிறுத்தி பார்க்கிங் லைட்டைப் போட்டதும் ஒரு பெண் வந்து ஆர்டர் எடுத்துக்கொண்டு போனாள். எனக்குப் பன்றி இறைச்சியைத் தட்டிப் பொரித்துப் பன்னில் வைக்கிற டெண்டர்லாயின், அம்மாவுக்கு வெங்காய வளையம், இரண்டு பேருக்கும் ரூட் பீர். அம்மா இன்னமும் அதை நன்னாரி சர்பத் என்றுதான் சொல்கிறாள், தயிர்சாத டப்பாவும் வழக்கம்போல மடியில். பாட்டி வந்திருந்த வருஷம் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, கார் ஜன்னலில் தட்டு மாட்டிவிட்டுப் போன அந்தப் பையனுக்கு ஆசீர்வாதம் பண்ணினாளே, அதையும் அம்மா நினைவுபடுத்தினாள்.

டெண்டர்லாயின் அதே அளவுதான், பன்னைத் தாண்டி நாலு பக்கமும் நீட்டிக்கொண்டு இருந்தது. நான் முதலில் வெளியே இருக்கிற ஓரத்தையெல்லாம் ஒடித்து ஒடித்துக் கடுகு சாஸில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, அப்புறம்தான் பன்னுக்குள் வெங்காயமும் ஊறுகாய் வெள்ளரியும் வைத்து மூடுவேன். நீ ஓரத்தையெல்லாம் அக்காவுக்குக் கொடுத்துவிட்டு நடுத்துண்டை மட்டும் சாப்பிடுவாய். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நீயாகவே கொடுப்பாய். அக்காவிடம் போனில் இதைச் சொன்னேன், கொஞ்ச நேரம் அவள் ஒன்றும் பேசவில்லை.

நாலாம் வகுப்பில் இண்டியானா சரித்திரத்துக்கு எல்லாப் பிள்ளைகளும் லிங்கன் சிறுவனாக இருந்த இடம், ரேஸ் டிராக் என்று எழுதியபோது நீ மட்டும் இந்த சாண்ட்விச்சைப் பற்றி எழுதினாய். அதற்காகவே ஹண்டிங்டன் வரை ஓட்டிக்கொண்டு போனோம். 1904இல் நிக் ஃப்ரையன்ஸ்டைன் என்பவர் அங்கே தள்ளுவண்டியில் வைத்து இதை விற்க ஆரம்பித்தார், 1908இல் நிக்ஸ் கிச்சன் என்று கடையே போட்டுவிட்டார். அவர் சகோதரர் ஜேக்குக்கு உறைபனியில் விரல்கள் போய்விட்டன, மிச்சமிருந்த கையாலேயே இறைச்சியைத் தட்டித் தட்டி மெலிதாக்கினார், அது மிருதுவாக வந்தது என்று ஒரு கதை உண்டு. நீ அதைத்தான் முதல் பத்தியில் வைக்க வேண்டும் என்று நின்றாய். 'சொல்கிறார்கள்' என்று சேர்த்து எழுது என்றேன், சேர்த்துக்கொண்டாய். வியன்னாவில் கன்றுக்குட்டி இறைச்சியில் செய்வதை, இங்கே பன்றி தாராளமாகக் கிடைத்ததால் ஜெர்மன்காரர்கள் பன்றியில் செய்தார்கள் என்று விளக்கிவிட்டு, கடைசியில் நம் கோயில் இருக்கிற சாலையின் பெயரே ஜெர்மன் சர்ச் ரோடு என்று ஒரு வரி போட்டிருந்தாய். அந்த வயதில் அதைக் கவனித்த பிள்ளை நீ. டீச்சர் அதை வகுப்புச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். நான் ஆபீஸில் எல்லாரிடமும் சொன்னேன், உனக்கு அது தெரியாது.

எவ்வளவு சின்னதைப் பார்த்தாலும் விடாமல் யோசிக்கிற குணம் உனக்கு என்னிடமிருந்து வந்தது. அதனால் நானும் சிலதைக் கவனித்துவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

போன மாதம் வீடியோவில் வந்தபோது காரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். அதற்கு முந்தின தடவையும் கார்தான். ஆபீஸிலிருந்து வருகிற வழி என்றாய். சரி. சியாட்டிலில் ட்ராஃபிக் அப்படித்தான் இருக்கும் என்று அம்மாவும் சொன்னாள். அவள் உன் முகத்தை மட்டும்தான் பார்த்தாள். உனக்குப் பின்னால் கொக்கியில் நாலைந்து சட்டைகள் தொங்கினதையும், பின்சீட்டில் தலையணை இருந்ததையும் நான் பார்த்தேன். அவளிடம் சொல்லவில்லை. லாண்டரிக்குக் கொண்டு போகிறாயாக இருக்கும்.

பொரித்ததை மூடின காரில் வைத்துச் சாப்பிடாதே, ஆவியில் ஊறி மேல்மாவு தொளதொளவென்று ஆகிவிடும், ஆறின எண்ணெய்ப் பண்டம் வயிற்றுக்கும் நல்லதில்லை. எதுவானாலும் சூடாகச் சாப்பிடு. காரில் சாப்பிடுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை, நாமே அப்படிச் சாப்பிட்டு வளர்ந்த குடும்பம்தானே. ஆனால் அங்கே ஜன்னல் திறந்திருக்கும். தட்டை மாட்ட ஒரு ஆள் வருவார், இரண்டு வார்த்தை பேசுவார், பக்கத்துக் காரில் குழந்தைகள் ஃப்ரைஸுக்குச் சண்டை போடும், நீயும் அக்காவும் அதற்குமேல் போடுவீர்கள். உன் காரில் கண்ணாடி ஏற்றியிருந்தது. வெளியே இருட்டாக இருந்தது. பேசி முடித்த பிறகும் அதுவே கண்ணில் நிற்கிறது.

வீட்டிலேயே செய்துகொள்வது கஷ்டமில்லை என்பதற்காக முறையை எழுதுகிறேன். கடையில் டெண்டர்லாயின் என்று எழுதியிருப்பதைத் தேடாதே, லாயின் துண்டு வாங்கு, எலும்பில்லாததாக. ஓரக் கொழுப்பை எடுத்துவிட்டு, நடுவில் கீறி விரித்து, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து, கால் அங்குல கனம் வரும்வரை தட்டு. உப்பு மிளகு போட்ட மோரில் ராத்திரி முழுக்க ஊற வை. காலையில் எடுத்து மைதாவிலும், நொறுக்கின உப்பு பிஸ்கட்டிலும் புரட்டி, 350 டிகிரி ஃபாரன்ஹீட் எண்ணெயில் இரண்டு பக்கமும் பொன்னிறமாகப் பொரித்து எடு. உள்ளே வேகாமல் விட்டுவிடாதே. இதற்கு ஒரு நல்ல அடுப்பு வேண்டும், ராத்திரி வைக்க ஃபிரிட்ஜ் வேண்டும். உன்னிடம் இருக்கிறதா, கதிர்?

இதை இப்படிக் கேட்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் வேறு வேறு எழுதிக்கொண்டிருந்தேன்.

மீனா எப்படி இருக்கிறாள் என்று அம்மா கேட்டபோது "நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். பொங்கலிலிருந்து அவள் குரலை நாங்கள் கேட்கவில்லை. வேலை எப்படிப் போகிறது என்று கேட்டாலும் "போகுது" என்கிறாய். இரண்டில் எது என்றாலும், அல்லது இரண்டுமே என்றாலும், அல்லது நான் நினைப்பது எதுவுமே இல்லை என்றாலும், நீ விளக்கம் சொல்லித்தான் இந்த வீட்டுக்குள் வர வேண்டும் என்று இல்லை. சேலத்துச் சித்தப்பா விஷயத்தில் இந்த வீட்டில் யார் யார் என்ன பேசினார்கள் என்று உனக்குத் தெரியும், நீ மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். அந்தப் பேச்சு உனக்கு வராது. வர விடமாட்டேன்.

படிப்புக் கடனை முப்பது வயதுக்குள் நீயே அடைத்தாய். எங்களிடம் ஒரு டாலர் கேட்கவில்லை. அதைப் பெருமையாக ஊரெல்லாம் சொன்னவன் நான். கேட்காமல் இருப்பதுதான் எனக்குப் பெருமை என்று நீ நினைத்துவிட்டாயோ என்று இப்போது பயமாக இருக்கிறது. இப்போது கேள். எவ்வளவு என்று மட்டும் சொல், எதற்கு என்று வேண்டாம்.

டிக்கெட் நான் போடுகிறேன். தேதி மட்டும் அனுப்பு. காரிலேயே வந்துவிடலாம் என்று கிளம்பாதே, மொன்டானா மலைப்பாதையெல்லாம் தனியாக ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். ரேஸ் முடிந்த பிறகு வந்தால் கூட்டம் இருக்காது. அதற்கு முன்னால் வர முடிந்தால் இன்னும் நல்லது, கூட்டத்தைச் சமாளித்துக்கொள்ளலாம். நடுவில் வேளாவேளைக்குச் சாப்பிடு, சூடாகச் சாப்பிடு, ராத்திரி எங்கே இருந்தாலும் கதவைப் பூட்டிக்கொள்.

அக்காவுக்கும் அம்மாவுக்கும் நான் எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரத்துக்கு ஒரு மணிக்கு மேல் என் நம்பருக்குக் கூப்பிடு. இங்கே நாலு மணிக்கு அம்மா கோயில் பஜனைக்குக் கிளம்பிவிடுவாள், திரும்பி வர ஏழு ஆகும். நான் வீட்டில்தான் இருப்பேன்.

அப்பா