வௌவாலின் சிறகும் வெந்தயச் சொதியும்

ஸ்காபரோ
ஒக்டோபர் 12

அன்புள்ள மகளுக்கு,

சென்ற கிழமை நீ தொலைபேசியில் சொன்னது இன்னும் என் காதுக்குள்ளேயே நிற்கிறது. சின்னவனுக்கு ஹலோவீன் பண்டிகைக்கு வேடமிடும் உடுப்பைக் கடையில் வாங்கிவிட்டதாகச் சொன்னாய். அத்தோடு விடாமல், "நீங்கள் இரண்டு வேலைக்குப் போய்க்கொண்டே எனக்குக் கையால் தைத்துத் தந்தீர்கள், என்னால் ஒரு தொப்பிகூடத் தைக்க முடியவில்லை" என்று குரல் தழுதழுக்கவும் செய்தாய். நான் பேருந்துத் தரிப்பிடத்தில் நின்றபடியால் ஒழுங்காக மறுமொழி சொல்ல முடியாமல் போய்விட்டது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நீ நினைவில் வைத்திருக்கும் கதையில் பாதிதான் சரி.

நாங்கள் இங்கே கனடாவில் வந்திறங்கியது 1993 ஓகஸ்டில். அந்த ஆண்டு ஹலோவீன் நாளான ஒக்டோபர் 31 ஞாயிற்றுக்கிழமையாக அமைந்ததால், பிள்ளைகள் வெள்ளிக்கிழமையே வேடமிட்டு வரலாம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. நானும் அப்பாவும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அதை வாசித்தோம். 'கொஸ்ரியூம்' என்ற சொல்லுக்கு எங்கள் பழைய அகராதியில் 'உடை' என்று மட்டுமே போட்டிருந்தது. நல்ல உடை போட்டு அனுப்பச் சொல்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டு, அம்மம்மா தைத்துத் தந்த மஞ்சள் பட்டுப் பாவாடையையும் சட்டையையும் போட்டு, கண்ணுக்கு மையும் பூசி உன்னை அனுப்பிவைத்தேன். பேய்களும் சூனியக்காரிகளும் எலும்புக்கூடுகளும் இருந்த வகுப்பில் நீ மட்டும் கோயிலுக்குப் போகிற பிள்ளையாக நின்றிருக்கிறாய். எந்த நாட்டு இளவரசி என்று ஆசிரியை கேட்டாராம். அன்று பின்னேரம் நீ சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் குப்புறப் படுத்து அழுதாய். அந்த முதலாவது உடுப்பை நீ இளவரசி வேடம் என்று சின்னவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

அடுத்த ஆண்டு உன் வௌவால் உடுப்பு பிறந்ததற்கு என் கலைத்திறன் காரணமன்று, காசில்லாமைதான் காரணம். அப்போது ஒன்ராறியோவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 6.70 டொலர், கடையில் நீ விரலைக் காட்டிய உடுப்பை வாங்க நான் மூன்று மணித்தியாலத்துக்கும் மேல் நின்று வேலை செய்திருக்க வேண்டும். அந்தக் கிழமைதான் காற்று அப்பாவின் கறுப்புக் குடையைப் பிடுங்கி மறுபக்கம் மடித்து, இரண்டு கம்பிகளை முறித்துப் போட்டது. எறியப் போனவரைத் தடுத்து அதை வாங்கி, கம்பிகளைக் கழற்றிவிட்டுத் துணியை நிலத்தில் விரித்துப் பார்த்தேன். எட்டுப் பட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றின் விளிம்பும் உட்பக்கமாக வளைந்து, வெட்டித் திருத்தத் தேவையில்லாத வௌவாற் சிறகாகவே கிடந்தது. மூன்று பட்டிகளை ஒரு சிறகாக எடுத்து, குடையின் உச்சி உன் கமக்கட்டில் வரும்படி வைத்து, ஒரு பக்கத்தைச் சட்டைக் கையின் அடிப்புறத்தோடும் மறுபக்கத்தை இடுப்பு வரைக்கும் பிடித்துத் தைத்தேன். மற்றச் சிறகுக்கு இன்னும் மூன்று பட்டிகள் போயின. மிஞ்சிய இரண்டும் காதுகளாயின. உள்ளே வைத்தது உன் அப்பாவின் ஓட்டைக் காலுறை.

அந்த ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி ஞாயிறன்றுதான் மணிக்கூட்டை ஒரு மணி பின்னுக்கு மாற்றினார்கள். அதனால் கிடைத்த அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் காதுகளைத் தைத்து முடித்தேன். தையல் மெசின் இல்லை, நித்திரைக் கண், கறுப்புத் துணியில் கறுப்பு நூல். இடது சிறகின் தையலை இரண்டு தடவை பிரித்தேன். நடுவில் உன்மீது எரிச்சலும் வந்தது. அன்பு மட்டுமே தைத்த உடுப்பென்று நீ எண்ணிக்கொண்டு உன்னையே குறை சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால், அந்த இராச் சாப்பாட்டைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் மனமறிந்து செய்தது அதைத்தான். 2007இலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை நேரம் மாறாததால் ரொறன்ரோவில் இப்போது ஹலோவீன் அன்று ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கிறது. அப்போது ஐந்து மணிக்கே பொழுது பட்டுவிடும். நாலரை மணிக்கெல்லாம் உன்னைக் கதிரையில் இருத்தி, சிறகுகளைப் பின்னுக்கு ஊசியால் குத்திவிட்டு, இடியப்பத்தையும் சொதியையும் தீத்தினேன். வெறும் வயிற்றோடு போனால் பிள்ளை வழியிலேயே மிட்டாயை உரித்துத் தின்னும், பிறகு இராமுழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் என்பது மட்டுமே அப்போது என் கணக்கு.

பிறகு, புதிதாக வந்தவர்களுக்கான ஆங்கில வகுப்பில் அயர்லாந்துக்காரியான எங்கள் ஆசிரியை சொன்ன ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. இந்தப் பண்டிகையை இங்கே கொண்டுவந்தவர்கள் அயர்லாந்திலிருந்தும் ஸ்கொட்லாந்திலிருந்தும் வந்தவர்களாம். அங்கே பூசணிக்காயை அல்ல, டேர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு வைப்பார்களாம். மறுநாள் நவம்பர் 1 எல்லாப் புனிதர்களின் திருநாள் என்பதால் முதல்நாள் இரவு அந்தக் காலத்தில் கத்தோலிக்கர் இறைச்சி தின்னமாட்டார்களாம். மசித்த உருளைக்கிழங்கில் கேல் கீரையையோ கோவாவையோ கலந்து, நடுவில் வெண்ணெய்க் குழி வைத்து, கொல்கனன் என்று செய்து சாப்பிடுவார்கள். விரதச் சாப்பாடு என்றதும் எனக்கு அந்தப் பேய்ப் பண்டிகைமேல் இருந்த பயம் பாதி போய்விட்டது. அன்றிலிருந்து ஒக்டோபர் 31இல் எங்கள் வீட்டில் மச்சம் சமைப்பதில்லை. நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய்.

சொதியை உனக்கு மறுபடியும் எழுதுகிறேன், ஏனென்றால் போன முறை திரைந்துபோனதாகச் சொன்னாய். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு தேக்கரண்டி வெந்தயம், சிறிது மஞ்சள், உப்பு, வெட்டிய உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் தண்ணீர் கலந்த அரை ரின் தேங்காய்ப்பாலில் அவியவிடு. கிழங்கு வெந்தபின் மீதிக் கட்டிப்பாலை ஊற்று. ஓரங்களில் நுரை கட்டும்போதே அடுப்பை நிறுத்திவிடு, தளதளவென்று கொதிக்க விடாதே. தேசிக்காய்ப் புளியைச் சட்டியை இறக்கிச் சூடு தணிந்த பிறகுதான் விட வேண்டும். நீ அடுப்பில் இருக்கும்போதே விட்டிருப்பாய். சின்னவனுக்குப் பச்சை மிளகாயைக் கீறாமல் முழுதாகப் போட்டு எடுத்துவிடு.

இன்னொன்று: வாசலில் வைக்கும் பெரிய பூசணிக்காயின் சதையைக் கறியாக்கலாம் என்று ஆசைப்படாதே. ஒரு முறை நான் அதைச் செய்ய, தும்பும் தண்ணீருமாகிய ஒரு சட்டிக் கறியை அப்பா மௌனமாகச் சாப்பிட்டு முடித்தார். அது விளக்குக்கென்றே வளர்த்த சாதி. கறிக்கு கபோச்சா வாங்கு, எங்கள் ஊர்ப் பூசணிக்குக் கிட்ட வரும்.

நீ வாங்கிய உடுப்பு அவனுடைய பனிச் சட்டைக்கு மேலாக ஏறுகிறதா என்று மட்டும் முன்கூட்டியே போட்டுப் பார்த்துவிடு. கல்கரிக் குளிரில், உடுப்பு தெரிய வேண்டும் என்பதற்காகச் சட்டையைக் கழற்றிவிட்டுப் போகக்கூடாது. முகமூடி இருந்தால் அதை விட்டுவிட்டு முகத்துக்கு மை பூசு. படியில் இறங்கும்போது பிள்ளைக்குக் கால் தெரிய வேண்டும். எங்கள் மாடிக் கட்டடத்தில், பிள்ளைகளை வரவேற்கும் வீடுகளின் இலக்கங்களைக் கீழே ஒட்டியிருந்த தாளில் பார்த்துக்கொண்டு, பதினான்காம் மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கியது உனக்கு நினைவிருக்கும். கழுத்தில், யுனிசெப் சிறுவர் நிதிக்குக் காசு சேர்க்கும் செம்மஞ்சள் பெட்டி சில்லறையோடு கிலுங்கிக்கொண்டு வந்தது. அந்தப் பெட்டியைக் கனடாவில் 2006இல் நிறுத்திவிட்டார்கள்; எனக்கு அது பெரிய குறை.

சின்னவன் வௌவால் படத்தைப் பார்த்துவிட்டு அந்தச் சிறகு எங்கே என்று கேட்டதாகச் சொன்னாய். இடது சிறகு என் பெட்டிக்குள், பட்டுப் பாவாடைக்குக் கீழே இருக்கிறது. வலது சிறகை உன் அப்பா மழைக்கு நனையாமலிருக்கத் தன் சைக்கிள் இருக்கைக்கு உறையாகத் தைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார். ஒற்றைச் சிறகு வௌவாலை அவன் ஒப்புக்கொள்வானென்றால், வெந்தயப் பொட்டலத்தோடு அதையும் சேர்த்து அனுப்புகிறேன், கேட்டுச் சொல்.

அன்புடன்,
அம்மா