மேப்பிளுக்குப் பசளை வேண்டாம்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பு மகள்,

போன கிழமை கதைக்கும்போது, புதிதாக நட்ட ஜப்பான் மேப்பிளுக்கு என்ன பசளை போடலாம் என்று கேட்டாய். லைன் விட்டுவிட்டு வந்ததால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. ஒன்றும் போடாதே. ஏன் என்பதுதான் நீளம். தாவரவியல் படிப்பித்தவளிடம் கேட்டுவிட்டாய், இனி வாசித்துத்தான் ஆகவேண்டும்.

மரம் இப்போது இலையெல்லாம் விரித்து வடிவாக நிற்கும். ஆனால் அதன் வேர் இன்னும் நீங்கள் வாங்கி வந்த சாடியின் அளவுதான். பசளை போட்டால் இன்னும் இலை தள்ளும், அவ்வளவு இலைக்கும் தண்ணீர் கொடுக்க வேரால் ஏலாது. முதல் வருஷம் வேர் ஓடட்டும்.

ஆகவே உன் வேலை தண்ணீர்தான். லண்டன் ஹரோவில் உங்கள் வளவு களிமண். மேல்மண் ஈரமாகத் தெரிந்தாலும், சாடியிலிருந்து வந்த வேர்க்கட்டி உள்ளே காய்ந்துபோய் இருக்கலாம். அடிமரத்துக்குக் கிட்ட விரலை முழுக்க விட்டுப் பார். காய்ந்திருந்தால் ஒரு வாளி தண்ணீரை ஆறுதலாக, மண் இழுக்க இழுக்க ஊற்று. மருமகன் பின்னேரங்களில் பைப்பைப் பிடித்துத் தெளிக்கிறாராம். அது மேல்மண்ணை நனைப்பதோடு சரி. ஈரம் இருந்தால் அன்றைக்கு விட்டுவிடு. களிமண்ணில் வெட்டிய குழி குடம் மாதிரித் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அதில் நின்றால் வேர் அழுகும்.

இன்னொன்று, அடிமரம் அகன்று வேராகப் பிரிகிற இடம் மண்ணுக்கு மேலே தெரிகிறதா? தெரியாவிட்டால் ஆழமாக நட்டுவிட்டீர்கள். நட்டுக் கொஞ்ச நாள்தானே, இப்போதே கிளப்பி உயர்த்தி வைக்கலாம். பிறகு சுற்றிவர இரண்டு அங்குல உயரத்துக்கு மரப்பட்டைச் சீவலைப் போடு. மரத்தின் வேர் மேலாகத்தான் ஓடும், வெயில் அதைச் சுடக்கூடாது. ஆனால் சீவல் அடிமரத்தில் முட்டாமல் ஒரு சாண் விட்டுப் போடு, முட்டினால் பட்டை அழுகும்.

உங்கள் ஊரில் மே நடுப்பகுதி வரைக்கும் சில இரவுகளில் உறைபனி வரும். வானிலைச் செய்தியில் சொன்னால், பின்னேரமே ஒரு பழைய பருத்திச் சீலையால் மூடிவிட்டு, விடிந்ததும் எடுத்துவிடு. பொலித்தீன் வேண்டாம், அது பட்ட இடத்து இலை கருகும். அப்படியும் கருகினால் பயந்து வெட்டாதே, மரம் மறுபடி துளிர்க்கும். நகத்தால் கொப்பைக் கொஞ்சம் சுரண்டிப் பார், உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது. பட்டுப்போன கொப்பை எப்போதும் எடுக்கலாம். உயிர்க் கொப்பை வசந்தத்தில் வெட்டினால் சாறு வடிந்துகொண்டே இருக்கும். வடிவாக்குகிற ஆசையை, இலை கொட்டிய பிறகு நவம்பர், டிசம்பருக்கு வைத்துக்கொள்.

இங்கே எனக்கு இந்தக் கவலை ஒன்றும் இல்லை. சித்திரை மாதம் பின்னேர இடிமழைக்குச் செவ்வரத்தைத் தடியை ஊன்றிவிட்டால் தானாக வேர் விடும். ஆனால் உன் மரம் கொழும்பில் நிலைக்காது, வருஷா வருஷம் குளிரில் உறங்கி எழும்ப வேண்டிய சாதி அது. ஒரு புதினம் சொல்கிறேன். அந்த மரத்துக்கு ஏசர் பால்மேட்டம் (Acer palmatum) என்று 1784இல் பெயர் வைத்த சுவீடன் தாவரவியலாளர் துன்பெர்க், ஜப்பானிலிருந்து திரும்பும் வழியில் 1777இல் இலங்கையில் இறங்கிக் கொழும்பிலும் இருந்தவர். நம் மதிலில் நீலப் பூ பூக்கும் துன்பெர்ஜியாக் கொடியின் பெயரும் அவருடையதுதான். வகுப்பில் இதைச் சொன்னால் ஒரு பிள்ளையும் நிமிர்ந்து பார்க்காது, நீயாவது வாசி.

ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு எல்லோரும் வருவதாகச் சொன்னாய். வருவது சந்தோஷம். ஆனால் அது உங்கள் கோடை. முதல் வருஷக் கண்டு இரண்டு மூன்று கிழமை தண்ணீரில்லாமல் தாங்காது, இலை ஓரம் காய்ந்து கொட்டிவிடும். பக்கத்து வீட்டு அன்ரியிடம் இப்போதே கேட்டு வை. வாளிக் கணக்கையும் விரல் விட்டுப் பார்க்கிறதையும் காட்டிக் கொடுத்துவிட்டு டிக்கெட் போடு.

அன்புடன்,
அம்மா