ஆறு மீற்றர் கயிறு

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை இரவு நீ ரெலிபோனை வைத்த பிறகு அம்மாவும் நானும் கனநேரம் நித்திரை கொள்ளவில்லை. முதன்முதலாக, படுக்கையும் குசினியும் உள்ளேயே இருக்கிற மோட்டர்ஹோம் வண்டி எடுத்துக்கொண்டு இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட்டுக்குப் போயிருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கென்று ஆசையாக ஒரு சின்னக் கூடாரம் அடித்திருக்கிறீர்கள். பக்கத்து ஆள் வந்து, "இது எங்கட இடம், கூடாரத்தை எடுங்கோ" என்று முகத்தில் அடித்தமாதிரிச் சொன்னதை நீ சொல்லும்போது உன் குரல் உடைந்தது. "நாங்கள் கறுப்பு எண்டதாலதானே அப்பா?" என்று கேட்டாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

1998இல் நாங்கள் முதல்தடவை பிரான்சுக்குப் போனது உனக்கு ஞாபகம் இருக்காது. உனக்கு அப்போது ஆறு வயது. போர்ட்ஸ்மவுத்தில் கப்பல் ஏறி உய்ஸ்ட்ரெஹாமில் இறங்கும்போதே நன்றாக இருட்டிவிட்டது. மோட்டர்ஹோம் நிறுத்தவென்று பிரான்சில் ஊருக்கு ஊர் ஒதுக்கியிருக்கிற 'எய்ர்' ஒன்றைத் தேடிப்பிடித்துப் போனால், கடற்கரையோரம் பெரிய வெளி, ஒரேயொரு ஜெர்மன் வண்டி மட்டும் நிற்கிறது. மற்றதெல்லாம் கும்மிருட்டு. அம்மாவுக்குப் பயம். எனக்கும் பயம்தான். ஊரில் நாங்கள் இருட்டில் தனியே நின்று பழகியவர்களா? சனம் இருக்கிற இடம்தான் எங்களுக்குப் பாதுகாப்பு. நான் நேரே கொண்டுபோய் அந்த வண்டிக்கு வலப்பக்கத்தில், இரண்டு பாகம் தள்ளி நிறுத்தினேன். உள்ளே லைற் எரிந்தது, மனதுக்குத் தெம்பாக இருந்தது. நீ மேல்கட்டிலில் ஏற்கெனவே நித்திரை.

விடியக் கதவைத் திறந்தால் அவர்களுடைய குசினி எங்களுக்குத் தெரிகிறது, எங்களுடையது அவர்களுக்கு. இங்கே இங்கிலாந்தில் செய்கிற வண்டிகளில் வீட்டுக்கதவு பெரும்பாலும் இடப்பக்கம், அங்கே செய்கிறவற்றில் வலப்பக்கம். இரண்டையும் ஒரே முகமாக நிறுத்தினால், நான் நின்ற நிலையில் கதவும் கதவும் நேருக்கு நேர் வரும். அந்த அம்மா இரவுடுப்போடு கோப்பி ஊற்றிக்கொண்டு நின்றா. எங்களைக் கண்டதும் திரையை இழுத்தா. கொஞ்ச நேரத்தில் அந்த ஐயா ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியின் மற்ற அந்தத்தில் போய் நிறுத்தினார்.

அம்மா அழுதா. "எங்களைக் கண்டுதான் ஓடுகினம்" என்றா. நானும் அப்படித்தான் நினைத்தேன். எண்பதுகளில் லண்டன் பஸ்ஸில் எனக்குப் பக்கத்துச் சீற்றிலிருந்து எழும்பிப் போனவர்களைக் கண்ட கண் எனக்கு.

அடுத்தநாள் பின்னேரம் வேறொரு எய்ரில் நேரத்தோடு போய் நின்றோம். எனக்கு வேலை ஒன்றும் இல்லை. சாப்பாடு முடியும்வரை முன்சீற்றில் இருந்து, வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் வந்த ஒல்லாந்து வண்டி மூலைக்குப் போனது. அடுத்து வந்த பிரெஞ்சு வண்டி எதிர்மூலைக்கு. மூன்றாவது இரண்டுக்கும் நடுவில். டொக்டரிடம் போனால் சனம் ஒரு கதிரை விட்டு ஒரு கதிரையில் இருக்குமே, அப்படி. ஒருவரும் கயிறு பிடித்துக் காட்டவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இருட்டுகிற நேரம் இடைவெளிகள் நிரம்பத் தொடங்கின. அப்போது வந்தவர்கள் நிறுத்த முதல் இறங்கிப் பக்கத்து ஆளிடம், இதில் நிற்கலாமா என்று கேட்டார்கள். கேட்டபோது ஒருவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. நெருக்கமாக நிற்பது அங்கே குற்றமே இல்லை, பிள்ளை. முழு வெளியும் வெறுமையாகக் கிடக்க, கேட்காமல் ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் சங்கடம். வெள்ளைக்காரர் வெள்ளைக்காரரைப் பார்த்து விலகி நிறுத்தியதை அன்றைக்கு என் கண்ணால் கண்டேன். அந்த ஜெர்மன் ஐயா என்ன நினைத்து விலகினார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் நான் செய்ததும் பிழை என்பது அன்றைக்கு விளங்கியது.

உன் அப்பப்பா இருந்திருந்தால் இதை எனக்கு முதலே சொல்லித் தந்திருப்பார். யாழ்ப்பாணத்து ஆளுக்கு எல்லையைப் பற்றி ஆர் படிப்பிக்க வேணும்? வேலித் தடியான கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்குப் பரம்பரையாக வழக்காடிய ஊர் எங்களுடையது. வேலி அடைக்கிற காலத்தில் அப்பப்பா இரண்டு அந்தத்திலும் தடி நட்டுக் கயிறு இழுப்பார். பக்கத்து வளவுக்காரரைக் கூப்பிட்டு, "வடிவாய்ப் பார், சரியோ?" என்று கேட்ட பிறகுதான் முதல் கதியாலை நடுவார். அதே வேலியில்தான் பொட்டு என்கிற ஓட்டையும் இருந்தது. முருங்கைக்காயும் கறியும் அதுக்குள்ளால்தான் போய்வந்தன. மோட்டர்ஹோம்காரருக்குக் கதியாலும் இல்லை, கிடுகும் இல்லை. மூன்று அங்குலம்கூட வராத சுவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் உடுப்பு மாற்றுகிறது, சண்டை பிடிக்கிறது, குறட்டை விடுகிறது. அவர்களுக்கு இருக்கிற வேலி நடுவில் கிடக்கிற அந்த வெறும் நிலம்தான்.

இனி உன் விஷயம். இந்த நாட்டுக் காம்ப்சைற்றுகளில் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடையில் ஆறு மீற்றர் விடவேணும் என்பது நெடுங்கால விதி. ஏறத்தாழ இருபது அடி, என் காலுக்கு எட்டு எட்டு. பந்தல், கூடாரம் எது போட்டாலும், கடைசியில் நடுவே மூன்று மீற்றர் முழு வெறுமையாகக் கிடக்க வேணும் என்று இந்த வண்டிக்காரரின் பெரிய கிளப்புகள் கேட்கின்றன. இது மரியாதைக்கு மட்டும் வந்த கணக்கு இல்லை, நெருப்புக்கு வந்த கணக்கு. இந்த வண்டிகள் மெல்லிய பலகையும் பிளாஸ்ரிக்கும் பஞ்சு மெத்தையும். ஒவ்வொன்றுக்குள்ளும் காஸ் சிலிண்டர் இருக்கிறது. ஒன்று பற்றினால் பக்கத்ததுக்குத் தாவக்கூடாது. நீ பிள்ளைகளின் கூடாரத்தை அடித்தது அந்த வெறுமையின் நடுவில். உள்ளே நித்திரை கொண்டது என் பேரப்பிள்ளைகள். அந்த மனிசன் சொன்ன விதம் பிழை. பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு தாயிடம் அப்படிக் கதைத்திருக்கக் கூடாது. சொன்ன விஷயம் சரி.

நிறத்தைப் பார்த்துச் சொன்னாரா என்று கேட்டாய். இல்லை என்று அடித்துச் சொல்ல நான் அங்கே நிற்கவில்லை. அப்படிப்பட்ட ஆக்கள் இருக்கிறார்கள், உனக்கு நான் அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் முதல்நாள் வேறொரு குடும்பத்தின் காரையும் அவர் எடுக்கச் சொன்னார் என்று நீயே கதையோடு கதையாகச் சொன்னாய். அதை ஒருக்கால் யோசி. எனக்கு இருபத்தைந்து வருசத்துக்கு மேலான பயணத்தில் மனதுக்குப் பிடித்த வழி இதுதான்: இடைவெளி விஷயத்தில் என் பக்கம் ஒரு அடிகூடப் பிழை இல்லாமல் நிறுத்துவேன். அதற்குப் பிறகும் ஒருவன் முறைத்தால், அது என்ன முறைப்பு என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். அப்போது தலை குனியவும் தேவையில்லை.

பிள்ளைகள் தண்ணீர்ப் பைப்புக்கு அடுத்தவர்களின் இடத்துக்குள்ளால் குறுக்கே ஓடினார்கள் என்றும் சொன்னாய். ஊரில் நாங்கள் பத்து வளவு கடந்துதான் பள்ளிக்கூடம் போனோம், ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. இங்கே அது அவர்களுடைய விறாந்தைக்குள்ளால் ஓடுகிறமாதிரி. பாதையால் போகப் பழக்கு. சாமத்தில் வழுக்குக் கதவை இழுத்துச் சாத்தாதே, முழுக் காம்ப்சைற்றும் எழும்பும். மீன் பொரிக்க வெட்கப்படாதே, எங்கள் சாப்பாடு எங்களுக்கு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மட்டும் பார்த்து, யன்னலைத் திற.

ஸ்கொட்லாந்துக்கு யூலையில் போகிறீர்கள் என்றதுதான் எனக்கு உள்ளூரக் கவலை. இன்வர்னஸில் தொடங்கி வடக்கைச் சுற்றி வருகிற 516 மைல் பாதைக்கு 2015இல் நோர்த் கோஸ்ட் 500 என்று பெயர் வைத்தபிறகு, அந்தச் சின்ன ரோட்டுகளுக்கு வண்டிகள் குவிந்துவிட்டன. அம்மாவும் நானும் அதற்கு முதலே போனோம். அப்போது எதிரில் வந்தவர் எல்லோரும் கை காட்டினார்கள். இப்போது ஊர்ச்சனம் களைத்துப்போய் இருக்கிறது. பல இடங்களில் ஒரு வண்டி மட்டும் போகிற ரோட்டு, இடையிடையே விலத்துவதற்கு ஒதுக்கிடம். அது படம் எடுக்கவோ தேத்தண்ணி குடிக்கவோ இல்லை, இரவு படுக்கவே கூடாது. உனக்குப் பின்னால் வருகிற கார் விடுமுறைக்கு வந்ததாக இருக்காது, வேலைக்குப் போகிற நேர்ஸாக இருக்கலாம். கண்ணாடியில் கண்டதும் ஒதுங்கி விடு.

அங்கே எங்கேயும் படுக்கலாம் என்று மருமகன் சொன்னாராம். 2003ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்தது நடந்துபோய்க் கூடாரம் அடிக்கிறவனுக்கு. மோட்டர் வாகனத்துக்கு இல்லை. அவரிடம் பக்குவமாகச் சொல்லு. இரவுகளுக்கு முன்கூட்டியே இடம் பதிந்துகொள்ளுங்கள். கடற்கரையில் மாக்கர் என்கிற மணற்புல் வெளிகள் பூத்துக் கிடக்கும், அதில் ரயரை ஏற்றாதீர்கள். ஏறின தடம் கனகாலம் மாறாது. அப்பிள்குரொஸ் என்கிற கடற்கரை ஊருக்குப் போக ஆசை என்றால் பெயலக் ந பா மலைப்பாதையால் வேண்டாம். 626 மீற்றர் உயரம், கொண்டை ஊசி வளைவுகள். பெரிய வண்டிகளுக்கும் பழகுகிறவர்களுக்கும் உகந்ததல்ல என்று அடிவாரத்திலேயே பலகை இருக்கிறது. ஷீல்டேக் ஊரிலிருந்து கரையோரப் பாதையால் போங்கள். சுற்று, ஆனால் கடல் வடிவு.

இன்னொன்று. உன் இடத்தை ஒருவர் நெருக்கினால் நீயும் கேட்கலாம். வாயை மூடிக்கொண்டு இரவு முழுக்கப் புழுங்காதே. முதலில் காலை வணக்கம் சொல்லு, பிறகு கேள். தனியாக வருகிற பெண்கள் சில நேரம் உனக்குக் கிட்ட வந்து நிற்பார்கள். அம்மாவின் அந்த இருட்டுப் பயம்தான் அவர்களுக்கும். விட்டுவிடு.

பார்சலில் நீலக் கயிறு ஒன்று இருக்கும். பிரான்சால் வந்த அந்த வருசம் நான் வெட்டினது. சரியாக ஆறு மீற்றர், நடுவில், மூன்று மீற்றரில், ஒரு முடிச்சு. ஒரு நுனியை மூத்தவனிடம் கொடு, மற்றதை நீ பிடி, பக்கத்து ஆள் வெளியே நின்றால் அவரையும் பார்க்கச் சொல்லு. நனைந்தால் காயவிடாமல் சுருட்டி வைக்காதே, பூஞ்சணம் பிடிக்கும்.

அன்புடன்,
அப்பா