கேரவன் வாங்க ஆடியா, மார்கழியா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சினிமாக்காரர்களுக்கு மட்டும் என்றிருந்த கேரவனைப் பற்றி இப்போது சேலத்தில் சாதாரணக் குடும்பங்களும் விசாரிக்கின்றன. ஏற்காட்டுக்கு அடிக்கடி போய்வருகிறவர்கள் விடுதி வாடகையைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "வேனிலேயே படுக்கை போட்டுவிட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். அடுத்த கேள்வி உடனே வரும்: "விலை ஏறிக்கொண்டே போகிறதே, இப்போதே வாங்கிவிடலாமா, பொறுக்கலாமா?" இதற்கு ஷோரூமில் வருடம் முழுக்க ஒரே பதில்தான்: "அடுத்த மாதம் ஏறிடும் சார்." அது சில மாதங்களில் உண்மை, பல மாதங்களில் வியாபாரம்.

கேரவன் விலைக்குள் மூன்று விலைகள் இருக்கின்றன: வண்டி, வரி, உள்வேலை. மூன்றும் சேர்ந்தே ஏறுவதில்லை. அதனால் மூன்றையும் ஒரே நாளில் வாங்கவேண்டிய கட்டாயமும் இல்லை. வாங்க நினைப்பவர்கள் முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

வரியில் இருந்து தொடங்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியது. ஓட்டுநரோடு பத்துப் பேரோ அதற்கு மேலோ ஏறும் வேன்களுக்கு 28 சதவீதமாக இருந்தது 18 ஆனது. பெரிய எஸ்.யு.வி.களுக்கு 28-ம் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி 22-ம் சேர்ந்து 50 ஆக இருந்தது, செஸ் இல்லாத 40 ஆனது. அந்த மாதத்தில் இரண்டு வாரம் பொறுத்தவர்கள், பல வருடத் தள்ளுபடிகளில் கிடைக்காத தொகையை மிச்சம் பிடித்தார்கள். இப்படிப்பட்ட வாய்ப்பு அடிக்கடி வராது.

தமிழ்நாட்டு சாலை வரி அப்படியல்ல, அது தினமும் கண்முன் இருக்கும் கணக்கு. 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி கார் வகையில் பதிவாகும் வண்டிக்கு 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். வரம்பைத் தாண்டினால் கூடுதல் தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் புதிய விகிதம். 19.9 லட்சம் வண்டிக்கு வரி 3.58 லட்சம். அதே வண்டி வெறும் 20,000 ரூபாய் ஏறி 20.1 லட்சமானால் வரி 4.02 லட்சம். 10 லட்சம் எல்லையில் இடி இன்னும் பலம்: 9.9 லட்சத்துக்கு 1.29 லட்சம், 10.1 லட்சத்துக்கு 1.82 லட்சம். ஆகவே நீங்கள் பார்த்த வண்டி இந்த எல்லைகளுக்கு ஓரிரு சதவீதம் கீழே நின்றால், "ஜனவரியில் ஏறுகிறது" என்ற பேச்சைக் காதில் வாங்கி அவசரப்படுவதில் நியாயம் உண்டு. எல்லையை விட்டுத் தள்ளி இருந்தால் அவசரமில்லை. 10 லட்சத்துக்கு மேல் ஷோரூமில் டி.சி.எஸ். என்று முன்கூட்டியே பிடிக்கும் 1 சதவீத வருமானவரி செலவே அல்ல, வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பலர் அதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

பொறுத்தால் எவ்வளவு நஷ்டம்? ஆன்ரோடு 25 லட்சம் வரும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். கையில் 5 லட்சம், கடன் 20 லட்சம், வட்டி 10 சதவீதம், 60 மாதம். மாதத் தவணை சுமார் 42,500. முன்பணமும் சேர்த்து கடைசியில் கொடுத்திருப்பது 30.5 லட்சம். இன்னொருவர் அதே 42,500-ஐ ஒரு வருடம் வங்கியில் போடுகிறார், 5.1 லட்சம் சேர்கிறது. அதற்குள் வண்டி 4 சதவீதம் ஏறி 26 லட்சம் ஆகிவிட்டது. அவர் 10.1 லட்சம் கட்டி 15.9 லட்சம் கடன் வாங்கினால் தவணை 33,800 ரூபாய், மொத்தச் செலவு 30.4 லட்சம். ஆக, வருடத்துக்கு 4 சதவீதம் ஏறினாலும் பொறுத்தவர் தோற்கவில்லை. சேமிப்பு வட்டியும் ஒரு வருட இன்சூரன்ஸும் அவருக்கு மிச்சம், வண்டியும் ஒரு வயது இளசு. ரொக்கமாகவே வாங்குகிறவருக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு. அவர் வங்கி வட்டியையும் விலையேற்றத்தையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால் போதும்.

இனி மாதம். ஆடியிலும் மார்கழியிலும் புது வண்டி எடுக்க நம் ஊரில் தயங்குவார்கள். விற்கிறவருக்கு அது பஞ்ச காலம், வாங்குகிறவருக்கு அறுவடை. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே அலங்காரமாக இருக்கும்போது ஷோரூம்கள் காலியாக இருக்கும். சம்பிரதாயம் பார்ப்பவர்கள் ஆடியில் பில் போட்டுவிட்டு ஆவணி முதல் முகூர்த்தத்தில் வண்டியை எடுத்துப் பூஜை போடலாம். பில் போடாமல் முன்பணம் மட்டும் கட்டிவிட்டு வருவதுதான் ஆபத்து. செல்லுபடியாவது பொதுவாக பில் தேதியின் விலையும் வரியும்தான், புக்கிங் தேதியினுடையது அல்ல. மார்கழியில் இன்னொரு கண்ணி உண்டு. டிசம்பரில் தள்ளிவிடப்படும் வண்டி சில மாதம் முன்பே தயாரானதாக இருக்கலாம். ஜனவரியில் பதிவு செய்தாலும் விற்கப் போகும்போது முந்தைய வருட மாடல்தான். விற்பனைச் சான்றான படிவம் 21-இல் தயாரிப்பு மாதமும் வருடமும் இருக்கும், பணம் கட்டுமுன் அதைக் கேட்டுப் பாருங்கள். பத்து வருடம் வைத்து ஓட்டப்போகிறவர் இதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை, தள்ளுபடியை வாங்கிக்கொள்ளலாம். மூன்று நான்கு வருடத்தில் மாற்றுகிறவர்தான் யோசிக்கவேண்டும். ஆயுத பூஜை, அட்சய திருதியை நாட்களில் மட்டும் பேரம் பேசப் போகாதீர்கள், மரியாதை கிடைக்காது.

பழைய டூரிஸ்ட் வேன் தேடுகிறவர்கள் சபரிமலை சீசன் முடிந்து தை பிறக்கும் வரை காத்திருக்கலாம். மஞ்சள் போர்டை வெள்ளையாக மாற்ற பெர்மிட் ஒப்படைப்பு, வகை மாற்றம், வரி வித்தியாசம் என்று வேலை இருக்கிறது. அந்தச் செலவை விற்பவர் விலையிலேயே கழித்துப் பேசவேண்டும். பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்றும் கேளுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும், ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் பெடல் மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. இது மலைக்குப் போகும் வண்டிக்கு விளையாட்டு விஷயமல்ல. சுமார் 278 மீட்டரில் இருக்கும் சேலத்தில் இருந்து 1,515 மீட்டரில் இருக்கும் ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். 3,500 கிலோ வண்டி அங்கிருந்து இறங்கும்போது 11 யூனிட் மின்சாரத்துக்கு மேலான ஆற்றல் சூடாக மாறவேண்டும். அதை கியரைக் குறைத்து இன்ஜினிடம் கொடுக்கவில்லை என்றால் முழுவதும் பிரேக்கிடம்தான் போகும்.

எடை கூடுவது பெரும்பாலும் உள்வேலையில்தான். 8-க்கு 4 அடி பிளைவுட் பலகை 12 மி.மீ. என்றால் ஏறக்குறைய 23 கிலோ, 18 மி.மீ. என்றால் 35. வீட்டு அலமாரி செய்து பழகிய தச்சர் 18-ஐத்தான் எடுப்பார். பத்துப் பலகையில் 120 கிலோ வீணாக ஏறிவிடும், இரண்டு ஆட்களைச் சும்மா சுமப்பது போல. 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. அடிவாரத்தில் நிரப்பாமல் மேலே போய் நிரப்பினால் ஏறும்போது அவ்வளவும் மிச்சம். தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே 25 மி.மீ. ஃபோம் ஒட்டாமல் விட்டால் ஏற்காட்டுக் குளிரில் விடியும்போது கூரையில் நீர் கோத்துச் சொட்டும், இரண்டு மழைக்காலத்தில் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். இது கொட்டேஷனில் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள், முதலில் வெட்டப்படுவது இதுதான்.

ஏ.சி.தான் அடுத்த பெரிய செலவு. இரவு முழுக்க பேட்டரியில் ஏ.சி. ஓட 5 யூனிட்டாவது வேண்டும். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் இருப்பது 1.28 யூனிட், ஆக நான்கு வேண்டும். ஆனால் ஏற்காட்டில் இரவு ஏ.சி. எதற்கு? சின்ன கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ், விளக்கு, கூரை மின்விசிறி, செல்போன் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குள் அடங்கும், ஒரே பேட்டரி போதும். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி மலிவாகத் தெரியும். அதன் 1.8 யூனிட்டில் பாதியைத்தான் பாதுகாப்பாக எடுக்கலாம், எடையோ 50 கிலோவுக்கு மேல். லித்தியம் 13 கிலோவுக்குள். லித்தியம் விலை சில வருடங்களாக இறங்கிக்கொண்டே வருவதால் வண்டியை இன்று வாங்கினாலும் இரண்டாவது பேட்டரியை அடுத்த வருடம் வாங்குவதே லாபம். அதற்கான வயரையும் ஃபியூஸ் இடத்தையும் மட்டும் முதலிலேயே விடச் சொல்லுங்கள். 400 வாட் சோலார் சேலத்து வெயிலில் ஒன்றரை யூனிட் தரும், காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் நிழலில் நிறுத்தினால் அலங்காரப் பொருள்தான். சமையலுக்கு வீட்டு காஸ் சிலிண்டரை உள்ளே வைப்பதைத் தவிருங்கள். கசியும் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும், மேலே திறந்த ஜன்னல் உதவாது. இண்டக்‌ஷனில் 1,500 வாட்டில் 20 நிமிடம் சமைத்தால் அரை யூனிட். ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் சோற்றுக்கு குக்கர் இருப்பது நல்லது.

ஆர்.சி. எனும் பதிவுச் சான்று விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதோடு முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரவிதி இருக்கிறது. சீட்டைக் கழற்றுவது, கூரையை உயர்த்துவது, பக்கத் தகட்டை வெட்டி ஜன்னல் வைப்பது எல்லாம் அனுமதிக்குப் பிறகுதான். சேசிஸ், அதாவது பாடி இல்லாத அடிச்சட்ட வண்டி வாங்கிப் பாடி கட்டினால் படிவம் 22-ஏ-வின் இரண்டாம் பகுதியைப் பாடி கட்டியவர் கையெழுத்திட்டுத் தரவேண்டும். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்கிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். கடன் வட்டி சேசிஸ் வந்த நாளில் இருந்தே ஓடுகிறது, பட்டறையில் வேலை இழுத்தால் நிற்கிற வண்டிக்குத் தவணை கட்டவேண்டும். கரூர், நாமக்கல் பட்டறைகளில் பள்ளி வேன் வேலை மே மாதம் வரை நெருக்கும், ஜூனுக்குப் பிறகு கொடுத்தால் கை வேகமாக ஓடும். பொருத்திய மின்சாதனங்களை இன்சூரன்ஸில் தனியாகக் காட்டுங்கள். அவற்றின் மதிப்பில் 4 சதவீதம்தான் கூடுதல் பிரீமியம், காட்டாவிட்டால் விபத்தில் அவற்றுக்குக் காசு வராது.

கரூருக்கு பஸ் பாடி எப்படியோ, அமெரிக்காவில் எல்கார்ட் என்ற ஊருக்கு கேரவன் அப்படி. கொரோனாவை ஒட்டி எல்லோரும் அடித்துப் பிடித்து வாங்கியதில் 2021-இல் அந்நாட்டு ஆலைகளில் இருந்து 6 லட்சத்துக்குச் சற்று அதிகமான வண்டிகள் வெளியேறின. 2023-இல் அது சுமார் 3.13 லட்சமாகச் சுருங்கியது. உச்சத்தில் வாங்கியவர்கள் விற்கப் போனபோது வாங்க முன்போல ஆளில்லை.

ஒன்றை மட்டும் காகிதத்தில் எழுதிப் பாருங்கள்: வருடத்துக்கு எத்தனை இரவு அதில் தூங்குவீர்கள்? மாதம் இரண்டு என்றால் 24. மேலே சொன்ன 42,500 தவணையின் ஒரு வருடத் தொகையை வகுத்தால் இரவுக்கு 21,000 ரூபாய்க்கு மேல், டீசல் தனி. அந்தக் கணக்குக்கு, இருக்கிற எஸ்.யு.வி.யின் பின்சீட்டை மடக்கி, கழற்றி மாட்டும் 6-க்கு 4 அடி கட்டில் பெட்டி ஒன்று செய்துகொள்வது தேவலை. ஆர்.சி.யும் தொடப்படாது. 60 இரவுக்கு மேல் என்றால் கேரவனைப் பற்றிப் பேசலாம்.

அதிகாரிகளுக்கு இரண்டு கோரிக்கைகள். கேரவன் எந்த வகையில் பதிவாகும், எந்த வரி என்பதை சேலம் ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் பலகையாக எழுதி வைக்கலாம். இப்போது ஒவ்வொருவரும் வாங்கிய பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். ஏற்காட்டில் பத்து வண்டி நிற்கும் இடம், 16 ஆம்பியர் பிளக், தண்ணீர்க் குழாய், கழிவு கொட்ட மூடிய தொட்டி ஆகியவை வேண்டும். வண்டிக் கழிப்பறைப் பெட்டியின் கொள்ளளவு 20 லிட்டர்தான், இரண்டு பேருக்கே மூன்று நாளில் நிரம்பிவிடும். கொட்ட இடமில்லை என்றால் அது எங்கே போகும் என்பது ஏரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
வேன் பாடி வேலை தெரிந்தவர்கள் சிலர்,
கொண்டலாம்பட்டி, சேலம்.